தறப்பாளில் கட்டிய சீனத் தாழ்வாரம்

கட்டடக் கலை அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உபயோகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான வேலை. என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது. குறுக்கே பேச மேலதிகாரி இல்லை. சுவரின் தடிப்பும் கம்பிக் கணக்கும் உங்களுக்குக் கணினி சொல்லித் தரும். நான் கணினிக்குத் தெரியாத ஒரு சங்கதியைச் சொல்கிறேன்.

உங்களில் பாதிப் பேர் இங்கே ஒஸ்லோவின் ரொம்சோஸிலும் ட்வெய்ட்டாவிலும் வளர்ந்தவர்கள். மற்றவர்கள் சென்னை, கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். பேசினேன் என்பதற்கு நான் "கதைச்சனான்" என்றால் கதை எழுதியதாக நினைத்துக்கொள்வீர்கள். சமாளித்துக்கொள்ளுங்கள். இதில் வருகிற ஆட்கள் அநேகமாக நோர்வேஜிய மொழியில்தான் பேசினார்கள். அந்த மொழியில் ராசாவுக்கும் ஒரே "நீ"தான், பக்கத்து வீட்டுப் பூனைக்கும் ஒரே "நீ"தான். மரியாதையை நானாகத்தான் அளந்து போட்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத் தலைவருக்குக் கொஞ்சம் குறைந்திருந்தால் அது தற்செயல் இல்லை.

தலைவர் கெட்டவர் அல்லர். ஒரு அழகான படத்தைப் பார்த்தால் காதல் வந்துவிடும், அதுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி. அந்த வருடம் அவர் காதலித்தது சீனாவின் கால்வாய் ஊர்களை. வெள்ளைச் சுவர், கறுப்பு ஓடு, வில்லுப் போல வளைந்த கல் பாலம், தண்ணீரில் ஆடும் சிவப்பு விளக்கு. அதே சமயத்தில் ட்வெய்ட்டாவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் எங்களுக்கு ஒரு வேலை தந்திருந்தது. அவர்களுடைய புல்வெளிக்குக் கீழே ஒரு ஓடை பல காலமாகக் குழாய்க்குள் அடைபட்டுக் கிடந்தது. அதைத் திறந்து வெளியே ஓடவிட்டு, கரையோடு ஒரு வரிசை வீடு கட்டவேண்டும். தலைவர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார். ஓடைக்கரையில் ஒரு சீனக் கால்வாய் ஊர்!

"நீ அந்தப் பக்கத்து ஆள்தானே?" என்று என்னைக் கேட்டார். யாழ்ப்பாணம் எங்கே, சீனா எங்கே என்று வரைபடத்தை விரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் போய்ப் பார்த்துவர அலுவலகமே அனுப்பும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார். "ஓம், கிட்டத்தட்ட" என்றேன்.

உண்மையிலேயே அந்தப் பக்கத்து ஆள் லின். கால்வாய் ஊரிலே பிறந்து வளர்ந்து, கட்டடக் கலை படித்து, எங்களிடம் தகுதிகாண் காலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர். நாற்பதை நெருங்குகிற வயது. ஒஸ்லோவில் அவரும் பள்ளிக்கூடம் போகிற மகளும் மட்டும்தான். தாயைவிட மகள் நன்றாக நோர்வேஜியம் பேசுவாள். கடையில், பஸ்ஸில், சனத்துக்கு நடுவில் தாயைத் திருத்துவாள். லின் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிவார். வேலை நிரந்தரமானால்தான் இரண்டு பேரும் இந்த நாட்டில் இருக்கலாம். வேலை போனால் வதிவிட அனுமதியும் அதன் பின்னாலேயே போய்விடும்.

நாங்கள் மூவரும் லினின் ஊருக்குப் போனோம். உல்லாசப் பயணிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர். வீட்டு வாசல் ஒரு ஒழுங்கையில் இருந்தது. குடையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையைச் சரிக்கவேண்டும், அவ்வளவு ஒடுக்கம். வாசலும் ஒடுக்கம்தான், ஆனால் உள்ளே போகப் போக வீடு நீண்டுகொண்டே போனது. நடுவில் வானம் பார்த்த ஒரு சின்ன முற்றம். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் அதற்குள்தான் விழும். எங்கள் நாற்சார் வீட்டை நெருக்கிச் சுருக்கினாற்போல இருந்தது. பக்கத்து வீட்டில் நெருப்புப் பிடித்தால் தாவாமல் இருக்க இரண்டு பக்கச் சுவரும் கூரைக்கு மேலே படி படியாக எழும்பி நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால் குசினி, அதாவது சமையலறை. அதன் கதவைத் திறந்தால் கல் படித்துறை, கால்வாய்.

லினின் தாய் படியில் குந்தியிருந்து கீரை கழுவினார். எதிர்க்கரைப் பெண் அங்கிருந்தபடியே ஏதோ கேட்டார். இவர் பதில் சொன்னார். நடுவால் போன படகுக்காரர் துடுப்பை நிறுத்தி, தன் பங்குக்கும் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வம்பு என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

தலைவரின் முகம் வாடிவிட்டது. "தண்ணியைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய கண்ணாடி கூட இல்லையே. இந்த வீட்டின்ரை காட்சி எங்கை?"

"காட்சியோ? அது குசினி" என்றார் லின். "தண்ணி பின்பக்கம். அங்கை வேலை நடக்கும். பார்க்க ஆசையெண்டால் படியிலை போய் இருங்கோ."

தலைவர் படியில் போய் இருக்கவில்லை. விளக்குகளைப் படம் பிடிக்கப் போய்விட்டார். லின் என்னைக் கால்வாயின் இன்னொரு பக்கத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே வீடுகள் தண்ணீர் வரைக்கும் வராமல் கொஞ்சம் பின்னால் நின்றன. தண்ணீரோரமாக ஒரு நடைபாதை, அதற்கு மேலே நீளத்துக்கும் கூரை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு நேரே கூரையை இழுத்துவிட, அது பக்கத்துக் கூரையோடு பொருந்தி, கடைசியில் நீண்ட தாழ்வாரமாகிவிட்டது. மழை கொட்டியது, நாங்கள் நனையவில்லை. பாலத்தடியில் ஒரு தேநீர்க் கடை இருந்தது. "பாரம் தூக்கி வாறவை பாலம் ஏற முதல் இஞ்சை இறக்கி வைச்சு மூச்சு விடுவினம். அதாலை கடை எப்பவும் பாலத்தடியிலைதான்" என்றார்.

ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்ததும் லின் வரைந்தார். முன்வாசல் ஒழுங்கையில், பின்பக்கம் தாழ்வாரம், அதற்கப்பால் ஓடை. சில வீடுகளுக்கு ஒன்றாகப் பொதுப் படித்துறை. பழைய அடுக்குமாடிச் சனமும் தண்ணீருக்கு வந்துபோக வீடுகளுக்கிடையே ஒடுங்கிய நடைவழிகள். பாலம் தட்டை. "எங்கடை பாலம் படகு போறதுக்காக வளைஞ்சது. இந்த ஓடையிலை வாத்துத்தான் போகும். வாத்துக்கு இது காணும்" என்றார். பனி உறைந்து வழுக்குகிற நவம்பர் மாத ஒஸ்லோவில் வளைந்த கல் பாலத்தில் ஏறுகிறவர் மறுபக்கம் எப்படி இறங்குவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தலைவரும் வரைந்தார். எல்லா வீடும் தண்ணீரைப் பார்த்தபடி, முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடையின் மேல் சொந்த மரத்தட்டு, அதைச் சுற்றி வேலி. நடுவில் வளைந்த பாலம், சிவப்பு விளக்கு. தண்ணீரைக் காட்டி விற்காத வீடு இந்த நாட்டில் உண்டா என்பது அவருடைய நியாயம். சங்கத்தின் முன்னால் தன்னுடைய படத்தையே வைத்தார்.

சங்கத் தலைவி பெரிட், டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருவர் டிக்கெட் எடுத்திருக்கிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். படத்தை அப்படித்தான் பார்த்தார். "இவ்வளவு காலமும் ஓடை குழாய்க்குள்ளை கிடந்தது. இனி இவையின்ரை வேலிக்குள்ளை கிடக்கப் போகுது. எங்களுக்கு என்ன வித்தியாசம்?" என்று கேட்டார். மண்டபம் கை தட்டியது. பின் வரிசையிலிருந்து செல்வராசா அண்ணை எழும்பினார். அந்தக் குடியிருப்பின் ஆதி தமிழர், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர். வாஸ்து விசயத்தில் மட்டும் எல்லாச் சமயத்துக்கும் பொதுவானவர். "தென்மேற்கு மூலையிலை தண்ணி ஓடினால் வீடு உருப்படுமோ?" என்று தமிழில் என்னைக் கேட்டு, அதை மொழிபெயர்க்கும்படியும் கட்டளையிட்டார்.

முடிவு இதுதான்: வசந்த காலத்து டுக்னாட் நாளில் திட்டத்தை இன்னொரு தரம் காட்டி வாக்கெடுப்பு. அதிலும் ஒத்துவராவிட்டால் திட்டத்தைக் கைவிடுவார்கள். டுக்னாட் என்பது குடியிருப்புச் சனமெல்லாம் வெளியே வந்து கூட்டித் துடைக்கிற நாள். சிரமதானம் என்றால் உங்கள் பெற்றோருக்கு விளங்கும். வராமல் விட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் ஆயுள் முழுக்க மறக்கமாட்டார்கள்.

அலுவலகத்துக்கு வந்து தலைவர் லினைக் கூப்பிட்டார். "சங்கம் இதை வேண்டாம் எண்டால் உனக்குத் தர என்னட்டை வேறை வேலை இல்லை, லின்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். கவலையாகச் சொன்னாலும் வேலை போனது போனதுதான். பிறகு தன் படத்தில் விளக்கின் நிறத்தை மட்டும் மாற்றச் சொல்லிவிட்டு, ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக் குடிலுக்குப் போனார். அங்கே தொலைபேசி எடுக்காது. அதுதான் அந்தக் குடிலின் சிறப்பு என்று வருடம் முழுக்கச் சொல்லுவார். ஈஸ்டர் முடிந்தும் ஆள் வரவில்லை.

டுக்னாட் நெருங்கிக்கொண்டிருந்தது. நிறம் மாற்றிய விளக்கோடு போனால் தோல்வி நிச்சயம். அனுமதி இல்லாமல் லினின் படத்தைக் கொண்டுபோய் அதுவும் தோற்றால், வேலையும் போய், "சொன்னது கேட்காதவர்" என்ற பெயரும் கூடவே வரும். அந்தப் பெயரோடு ஒஸ்லோவில் வேறு அலுவலகம் தேடுவது லேசு இல்லை. நான் இரண்டையும் லினுக்குச் சொன்னேன். அவர் வரைபடத்தைச் சுருட்டி, விரித்து, திரும்பவும் சுருட்டினார்.

"தோக்கிறதெண்டால் என்ரை படத்தோடை தோக்கிறன்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பயப்படுவது வெட்கம். ஆனால் ஒன்று சொன்னேன்: படமே வேண்டாம். வரைபடத்தைப் பார்க்கிற சனம் தான் எதற்குப் பயப்படுகிறதோ அதைத்தான் அதில் காணும். பெரிட் வேலியைக் காண்பார், செல்வராசா அண்ணை மூலையைக் காண்பார். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், உபயோகமான பகுதி இது ஒன்றுதான்.

குடியிருப்பின் பராமரிப்பாளரிடம் சாரம் கட்டுகிற குழாய்களும் தறப்பாள் என்கிற தார்ப்பாயும் இரவல் வாங்கினோம். "டுக்னாட் அண்டைக்கு மழை வந்தால் சனம் ஒதுங்க" என்றேன். பொய் இல்லையே! லின் வரைந்த அதே அகலம், அதே உயரத்தில் ஒரு துண்டுத் தாழ்வாரம் எழும்பியது. வீட்டுச் சுவர் வருகிற இடத்துக்குச் சிவப்புக் கயிறு. ஓடை வருகிற இடத்தில் நீலத் தறப்பாளை விரித்து, சாமான் அடுக்குகிற மரப் பலகைகளால் அதற்குள் படித்துறை. தறப்பாள் ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை, அதுதான் பாலம். பாலத்தடியில் வாஃபிள் என்ற மாப் பணியாரம் சுடுகிற இரும்பு. அங்கே இங்கே என்று நான் இழுத்ததை லின் விடவில்லை. அவருடைய ஊர்த் தேநீர்க் கடை நின்ற இடத்திலேயே வைத்தார்.

மழையை நான் ஒழுங்கு பண்ணவில்லை. ஒஸ்லோவில் டுக்னாட் நாளில் மழை பெய்யுமா என்று அறியச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் இலை கூட்டிய சனம் வாஃபிள் வாசனைக்கு விளக்குமாறும் வாரியுமாகத் தாழ்வாரத்துக்குள் வந்து ஒதுங்கியது. நீலத் தறப்பாளில் உண்மையாகவே தண்ணீர் நிற்கத் தொடங்கியது. இரண்டு பெண்கள் படித்துறைப் பலகையில் இருந்து காலில் கிடந்த சப்பாத்துச் சேற்றை அந்தத் தண்ணீரில் கழுவினார்கள். லின் என் கையைப் பிடித்து நசித்தார்.

"இப்ப சொல்லட்டோ? படங்களைக் காட்டட்டோ?"

"ஒண்டும் சொல்லாதேங்கோ. வாஃபிளைச் சுடுங்கோ."

அவர் சுட்டார், கருக்கினார், சுட்டார். வம்பு மூண்டால் சனம் கூரையை விட்டு அசையாது என்று நான் மெல்லப் போய்ச் செல்வராசா அண்ணையின் காதில் ஊதினேன். "அண்ணை, உங்கடை தென்மேற்கு மூலைக் கதையைப் பெரிட் நம்பேல்லையாம்."

"ஆர் சொன்னது?" என்று அவர் விசுக்கென்று கிளம்பினார். ஊரில் கோழிச் சண்டை மூட்டியவனுக்கு ஒஸ்லோவில் இது பெரிய வேலையா?

பெரிட்டுக்குத் தென்மேற்கு என்றால் மாலை வெயில் வருகிற பக்கம். அது திறந்து கிடக்கவேண்டும். அண்ணைக்கு அது தண்ணீர் ஆகாத பக்கம். முதலில் தென்மேற்கு எது என்பதிலேயே பிணக்கு. தொலைபேசிகள் வெளியே வந்தன. சனம் இரண்டாகப் பிரிந்தது. மழை ஓய்ந்திருந்த நேரத்திலும் யாரும் வெளியே போகவில்லை. பொறுக்கமாட்டாமல் லின் வாஃபிள் இரும்பை விட்டு வந்தார்.

"என்ரை அம்மாவும் திசை பார்ப்பா. தண்ணி நேரை ஓடிப் போகக் கூடாது, வளைஞ்சு கொஞ்சம் நிண்டு போகோணும் எண்டு சொல்லுவா."

"அட, உங்களுக்கும் இருக்கோ!" அண்ணையின் முகம் விரிந்தது. "ஓடையை வளைச்சு விடுறியளோ? அப்ப நான் வாய் திறக்கமாட்டன்." லினின் படத்தில் ஓடை முதலிலிருந்தே வளைந்துதான் போனது. அதைச் சொல்லி அண்ணையின் வெற்றியைக் கெடுக்க நான் விரும்பவில்லை.

பெரிட் மட்டும் திடீரென்று பேச்சை நிறுத்தினார். சிவப்புக் கயிற்றைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேலே பார்த்தார்.

"நாங்கள் நிக்கிற இந்த இடம் ஆருக்குச் சொந்தம்?"

எல்லாரும் அடங்கிவிட்டார்கள். டிராமில் அவர் டிக்கெட் கேட்டால் இப்படித்தான் அடங்கியிருக்கவேண்டும். லின் மாக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"கூரை அந்த வீட்டுக்காரருக்கு" என்றார் லின். "கூரைக்குக் கீழை இருக்கிற நிலம் ஊருக்கு. வீடு கயிறோடை முடிஞ்சுது. இதாலை ஆரும் போகலாம், படியிலை ஆரும் இருக்கலாம். என்ரை ஊரிலை அப்பிடித்தான்."

"அப்ப பனிக்காலத்திலை இஞ்சை பனியை வழிச்சுத் தள்ளுறது ஆர்? வீட்டுக்காரரோ, சங்கமோ?"

பனி வழிக்கும் முறைக்காக அண்ணன் தம்பி முகம் முறிந்த குடியிருப்பு அது. லின் விளங்காமல் பெரிட்டைப் பார்த்தார். "எந்தப் பனி?" என்றார்.

பெரிட் அண்ணாந்து பார்த்தார். செல்வராசா அண்ணை பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாரும் தறப்பாளை அண்ணாந்து பார்த்தார்கள். அதற்கு மேலே மழை திரும்பவும் படபடவென்று கொட்டியது, கீழே நிலம் காய்ந்து கிடந்தது. சீனாவில் மழைக்காகப் போட்ட கூரை ஒஸ்லோவில் பனி வழிக்கிற சண்டையை அந்த இடத்திலேயே தீர்த்து வைத்தது. "ஓஹோ" என்று யாரோ இழுத்தார்கள். அந்த "ஓஹோ"வைக் கேட்க நான் எத்தனை வரைபடம் கிழித்திருக்கிறேன்!

அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவர் வந்து சேர்ந்தார். மலையிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். முகம் வெயிலில் சிவந்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெள்ளை வளையமாக இருந்தது. சாரக் குழாயைப் பார்த்தார், வாஃபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது ஆர் செய்தது?"

என்னிடம் வசனம் தயாராக இருந்தது. நான்தான் செய்தேன், லினுக்கு இதில் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பழியை முழுக்க ஏற்கிற அருமையான வசனம். ஓய்வுக்குக் கிட்ட நிற்கிற என்னை அவர் என்ன செய்துவிடுவார்? நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தேன்.

"நான்" என்றார் லின். சத்தம் தாழ்வாரத்தின் மற்ற முனை வரைக்கும் கேட்டது. "இது என்ரை படம். நீங்கள் வேண்டாம் எண்ட படம். இவர் மா கரைச்சவர், அவ்வளவுதான்."

என் தியாகம் அந்த வாஃபிள் மாவோடு முடிந்தது. பின்பு யோசித்தபோது விளங்கியது: நான் பழியை எடுத்திருந்தால் படமும் என் பெயரில் போயிருக்கும், லினுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒருவரைக் காப்பாற்ற அவசரப்படும்போது அவர் கையில் இருப்பதையும் சேர்த்துப் பிடுங்குகிறோமா என்று பாருங்கள், பிள்ளைகளே.

தலைவர் பேச வாய் எடுக்க, பெரிட் குறுக்கிட்டார். "வாக்கெடுப்பை இஞ்சையே வைப்பம். உள்ளை போனால் எல்லாரும் சப்பாத்துக் கழட்டோணும்." கைகள் எழும்பின, சிலதில் வாஃபிள் இருந்தது. செல்வராசா அண்ணை உயர்த்தி, சுற்றிலும் பார்த்து, இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். எதிராக எழும்பியவை இரண்டு மூன்று கைகள்தான்.

லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கூரை விளிம்புக்குள் இருந்த மேல் படித்துறைப் பலகைக்குப் போனார். தொலைபேசியை எடுத்து மகளோடு கதைத்தார், பிறகு சீனாவில் இருக்கும் தாயை அழைத்தார். அப்போது அழுதார், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். எனக்கும் கண் கலங்கியது, வாஃபிள் புகை என்று சொல்லமாட்டேன். எத்தனையோ கட்டடம் திறந்து பட்டு நாடா வெட்டியிருக்கிறோம். அந்தத் தறப்பாளுக்குக் கீழே வந்த சந்தோசம் எனக்கு ஒன்றிலும் வரவில்லை.

தலைவர் என்னைக் கடந்து, தாழ்வாரத்தை விட்டு வெளியே இறங்கி, படித்துறையின் மறுபக்கமாக லினுக்கு முன்னால் போய் நின்றார். கையை நீட்டினார். "லின், திங்கட்கிழமை நிரந்தர ஒப்பந்தம் எழுதுவம்" என்றார்.

லின் அதைத் தாய்க்குச் சீன மொழியில் சொன்னார். தாய் ஏதோ நீளமாகப் பேசினார். கேட்கக் கேட்க லினின் அழுகை நின்றுவிட்டது.

"அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"அங்கை ஆர் ஆர் இருக்கப் போகினம் எண்டு கேட்டவ. வயசான சனம் கனபேர் எண்டன். அப்ப அழுறதை விட்டிட்டுப் படியின்ரை உயரத்தைக் குறை எண்டு சொன்னவ."

அவர் மூக்கைத் துடைத்து, தான் இருந்த பலகையைப் பார்த்தார். காலை வைத்து ஏறி இறங்கிப் பார்த்தார். என் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவி, வாஃபிள் வைத்த கடதாசித் தட்டைக் கவிழ்த்து, படியை வரையத் தொடங்கினார்.

தலைவரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"ஒரு நிமிசம்" என்றார் லின், நிமிர்ந்தும் பார்க்காமல்.

தலைவர் நின்றார். நல்ல மழை. தாழ்வாரம் அவர் நின்ற இடம் வரைக்கும் வரவில்லை.